முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் தாம்பரம்

மீனம்பாக்கத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மஸ்கட்டிலிருந்து வருகிறவன் பெட்டியில் என்ன இருக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பேரீச்சம்பழம், பால்பவுடர், தைலம், ஒரு போர்வை. என் பெட்டியிலும் இவையெல்லாம் இருந்தன. ஆனால் போர்வைக்கு நடுவே வட்டமாக, பற்களோடு ஏதோ ஒன்று திரையில் தெரிந்திருக்கிறது.

"இது என்ன சார்?"

"செயின்ரிங். சைக்கிள்ல பெடலோட சேர்ந்து சுத்துமே, அந்தப் பல்சக்கரம்."

அதிகாரி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டிமேல் எழுதியிருந்த முகவரியையும் பார்த்தார். "தாம்பரத்துல சைக்கிள் கடையே இல்லையா?"

"இருக்கு சார். இது முப்பது பல்லு. அது கிடைக்கலயாம்."

அவர் எண்ணத் தொடங்கினார். பதினேழு வரை வந்தவர், எனக்குப் பின்னால் நீண்டிருந்த வரிசையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மீதிப் பதின்மூன்று பற்களை என் வார்த்தையை நம்பி உள்ளே விட்டார்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் தங்கை வசுமதி. வயது முப்பத்தாறு. இருப்பு இரும்புலியூர், வேலை நாவலூரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில். மூன்று வருடமாக மலைச்சைக்கிள் பந்தயத்துக்குப் போகிறாள். தார்ச்சாலையில் ஓட்டுவது அல்ல; கல், மண், முள், ஏரிக்கரை என்று காட்டுவழியில் சுற்றிச் சுற்றி வரும் பந்தயம். அதில் ஒரு கொடுமையான விதி உண்டு. முன்னால் போகிறவர் நம்மை ஒரு சுற்று முந்திவிடும் நிலைமை வந்தால், நடுவர் விசிலடித்து நம்மை ஓரமாக இறக்கிவிடுவார். வசு கலந்துகொண்ட மூன்று பந்தயங்களிலும் விசிலடித்துவிட்டார்கள். மூன்று முறையும் கடைசிச் சுற்று பாக்கி.

"அண்ணா, எனக்கு மெடல்லாம் வேணாம். ஒரே ஒரு வாட்டி நாலு ரவுண்டும் முழுசா முடிக்கணும். இந்த வருஷமும் விசிலடிச்சா நான் வண்டிய வித்துடுவேன்" என்று போனில் சொன்னாள். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அதுதான் என்னை விமானம் ஏற்றியது. கூடவே, எனக்கு இதில் நிறையத் தெரியும் என்ற நினைப்பும் ஏற்றியது என்று ஒப்புக்கொள்கிறேன். மஸ்கட்டைச் சுற்றி மொட்டை மலைகள். வெள்ளிக்கிழமை விடுமுறையில் அவற்றில் சைக்கிள் ஏறுகிறேன். ஆகவே ஏற்றம் என்பதை உலகத்தில் நான் ஒருவன்தான் பார்த்திருக்கிறேன் என்கிற மாதிரி பேசுவேன்.

புதன்கிழமை மதியம் இரும்புலியூர் வீட்டில் போய் இறங்கினேன். வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் முடித்துக் கை கழுவுவதற்குள் வசுவின் கணவர் சரவணன் மடிக்கணினியைத் திறந்துவிட்டார். மனிதர் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறார். எதையும் வரைபடம் போடாமல் பேச மாட்டார்.

"மச்சான், இப்ப வண்டியில இருக்கறது முப்பத்திநாலு. நாங்க முறையா டெஸ்ட் பண்ணித்தான் போட்டோம்" என்றார்.

"எங்க டெஸ்ட் பண்ணீங்க மாப்ள?"

"பெருங்களத்தூர் மேம்பாலத்துல."

நான் சிரித்தது தவறு என்று பிறகு புரிந்தது. தாம்பரம் பக்கத்து மனிதர்களுக்கு மேடு என்றால் மேம்பாலம். குன்றுகள் இல்லாமல் இல்லை. ரயிலில் போனால் பல்லாவரத்தில் ஜன்னல் வழியே பார்க்கலாம். ஏறிப் பார்க்க வாகாக இருப்பது மேம்பாலம்தான். இவர்களுடைய சைக்கிள் குழுவே விடியற்காலையில் மேம்பாலம் மேம்பாலமாக ஏறி இறங்கி, முப்பத்திநாலு பல் சுகமாக இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறது. குழுத் தலைவர் முப்பத்தாறு போட்டிருக்கிறாராம். பல் கூடக் கூட அந்தக் குழுவில் மதிப்பும் கூடும். ஏற்றத்தில் சைக்கிளை விட்டு இறங்குகிறவருக்கு அங்கே மானமே போய்விடும். இறங்கிவிட்டு வந்தவரைப் பற்றி இரண்டு வாரம் பேசுவார்கள்.

விஷயம் எளிதுதான். பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தில் பல் குறைந்தால் மேட்டில் கால் லேசாகச் சுற்றும், ஆனால் சமதளத்தில் காற்றில் சுற்றுகிற மாதிரி வீணாகும். பல் கூடினால் சமதளத்தில் பறக்கலாம், மேட்டில் முழங்கால் கெஞ்சும். பந்தயப் பாதையில் ஒரு பழைய கல்குவாரி ஏற்றம் இருக்கிறது. வசு ஒவ்வொரு சுற்றிலும் பாதி ஏறி, நின்று, சாய்ந்து, மறுபடி ஏறப் பார்த்து, மறுபடி சாய்ந்து, அங்கேதான் நேரத்தைத் தொலைக்கிறாள். எனவே முப்பது என்பது என் தீர்ப்பு. ஏரிக்கரையில் வேகமும் வேண்டும், எனவே குறைத்தாலும் முப்பத்திரண்டுதான் என்பது சரவணனின் வரைபடம்.

பெட்டியிலிருந்து என் முப்பதை எடுத்து வெற்றிவீரனாகச் சைக்கிளில் வைத்தேன். பொருந்தவில்லை. போல்ட் துளைகள் நாலும் ஒரு விரற்கடை உள்ளே தள்ளி இருந்தன. ஆயிரத்து அறுநூறு மைல் தாண்டிக் கொண்டுவந்தவன் துளைக்குத் துளை எவ்வளவு என்று ஒரு போட்டோ அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லை. சரவணன் வரைபடத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினார்.

அன்று மாலை வசு வேலையிலிருந்து வந்து, மேசைமேல் கிடந்த முப்பதைப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை ரேஸ். இன்னிக்கு புதன். நடுவுல மூணு நாள் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

வியாழக்கிழமை திருமுடிவாக்கம் போனோம். அங்கே தொழிற்பேட்டையில் எதைக் கொடுத்தாலும் வெட்டித் தருவார்கள் என்று சரவணன் கேள்விப்பட்டிருந்தார். வசுவின் சைக்கிளையும் கொண்டுபோக வேண்டியிருந்ததால் ஒரு குட்டியானை பிடித்தோம். இந்தப் பெயரில் ஓடுவது சின்ன சரக்கு வண்டிதான் என்று மஸ்கட்டில் என் அறைத்தோழன் ஒரு மலையாளிக்கு விளக்குவதற்கே எனக்கு ஒரு வாரம் ஆனது. முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒருவருக்குத்தான் இடம். மாப்பிள்ளை என்ற மரியாதைக்குச் சரவணன் முன்னால் உட்கார, வெளிநாட்டிலிருந்து வந்தவன் சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

பம்மல் தாண்டி வண்டி நின்றுவிட்டது. டயர் பஞ்சர். மாற்றுச் சக்கரம் இருந்தது, அதுவும் பஞ்சர். எதிரே டீக்கடையில் மசால்வடை அப்போதுதான் எண்ணெயிலிருந்து வெளியே வந்திருந்தது. மஸ்கட்டில் டீயை ஏலக்காய் போட்டு பெரிய காகிதக் கோப்பையில் தருவார்கள். குடித்து முடிப்பதற்குள் ஒரு கூட்டமே நடத்திவிடலாம். இங்கே மூன்று மடக்கில் தீர்ந்துவிடுகிற கண்ணாடி டம்ளர். சூடு விரலைச் சுடுகிறது, யாரும் அதைப் பற்றிக் குறைப்படுவதில்லை. பஞ்சர் ஒட்டி முடிவதற்குள் நான் மூன்று டீ குடித்தேன்.

பக்கத்தில் பீகாரிலிருந்து வேலைக்கு வந்த இரண்டு பேர் இந்தியில் பேசிக்கொண்டார்கள். மஸ்கட் புண்ணியத்தில் எனக்கு அது புரிந்தது.

"முன்னால் தட்டு சின்னது, பின்னால் தட்டு சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கு பார்" என்றான் ஒருவன்.

"கெட்டுப்போய்த்தான் வண்டியில ஏத்திக்கிட்டுப் போறாங்க" என்றான் மற்றவன்.

இந்தியிலேயே பதில் சொல்லி அவர்களைத் திடுக்கிட வைக்கலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் அவன் சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை.

திருமுடிவாக்கத்தில் நாலைந்து பட்டறைகள் ஏறி இறங்கினோம். ஒற்றைத் துண்டு வேலை என்றதும் எல்லோரும் முடியாது என்று தலையை ஆட்டினார்கள். கடைசியில் ஒரு பட்டறையில் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தோம். கணினி சொல்கிறபடி உலோகத்தை வெட்டும் இரண்டு எந்திரங்கள், ஒரு கடைசல் எந்திரம், சுவரில் மாதா படம், காதில் செருகிய பென்சில். ஐம்பதை நெருங்கும் வயது. பக்கத்துக் கிராமத்துக்காரர். தொழிற்சாலைகளில் சரக்கை நகர்த்தும் கன்வேயருக்குப் பல்சக்கரம் வெட்டுவதுதான் அவருடைய பிழைப்பு.

"இன்னா சார் இது, ஒரு பல்லு தடியா கீது, ஒரு பல்லு மெலிசா கீது? தேஞ்சி பூட்ச்சா?" என்று என் முப்பதை வெளிச்சத்தில் பிடித்துக் கேட்டார்.

தேயவில்லை, அப்படித்தான் செய்வார்கள் என்று விளக்கினேன். சைக்கிள் செயினில் ஒரு கண்ணி அகலம், அடுத்த கண்ணி குறுகல். அகலத்தில் தடித்த பல்லும் குறுகலில் மெல்லிய பல்லும் உட்கார்ந்தால் கல்லில் குதித்தாலும் செயின் கழலாது.

"மூளக்காரன்யா எவனோ" என்று மெச்சினார் ஸ்டெல்லா அக்கா. "அலுமினியத் தட்டு நம்ம கைல கீது. ஓட்டை அளவு வண்டில எட்த்துக்கிறேன். பல்லு எத்தினி?"

"முப்பது" என்றேன் நான்.

"முப்பத்திரண்டு" என்றார் சரவணன்.

அடுத்த முக்கால் மணி நேரம் அந்தப் பட்டறையில் எந்திரம் ஓடவில்லை. நான் ஒமான் மலைகளைச் சொன்னேன். சரவணன் மடிக்கணினியைக் கடைசல் எந்திரத்தின் மேல் வைத்து வரைபடம் காட்டினார். "உங்க மலைங்கள்லாம் இங்க எங்க இருக்கு மச்சான்?" என்றார். "உங்க மேம்பாலம் குவாரியில இருக்கா மாப்ள?" என்றேன். ஸ்டெல்லா அக்கா டிபன்பாக்ஸைத் திறந்து, கருவாட்டுக் குழம்பு சாதத்தைச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். நாங்கள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

"பேஜார் பண்ணாதீங்க சார். வூட்டுக்குப் போய் முடிவு பண்ணி போன் அடிங்க. பல்லு எண்ணிக்கைய மட்டும் காலியா வுட்டுக்கிறேன்" என்று தான் தாளில் வரைந்திருந்த படத்தில் அந்த இடத்தை வட்டம் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை ஆறு மணிக்கு நான் மொட்டைமாடிக்குப் போய், யாருக்கும் தெரியாமல் ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் செய்தேன். முடிவாகிவிட்டது, முப்பது என்றேன். "அப்டியா சார், சரி" என்றார். குரலில் ஏதோ சிரிப்பு இருந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை வசுவோடு நாவலூர் போனேன். அவளுடைய அலுவலகப் பேருந்து கிழக்குத் தாம்பரத்தில் நிற்கும். நாங்கள் மேற்குப் பக்கம் போய் இறங்கியபோது பேருந்து புறப்பட நாலு நிமிடம்தான் இருந்தது. வசு மடிக்கணினிப் பையை முதுகில் இறுக்கிக்கொண்டு ரயில்வே நடைமேம்பாலப் படிகளில் ஓட ஆரம்பித்தாள். பூக்கூடை, பள்ளிப்பை, டிராலி பெட்டி எல்லாவற்றுக்கும் நடுவே இரண்டிரண்டு படியாக ஏறினாள். நான் பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒமான் மலைகளில் சைக்கிள் ஏறுகிறவன் என்பதை அந்தப் படிகள் பொருட்படுத்தவில்லை. பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோது அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. தினமும் இப்படியா என்று கேட்டேன். "மழை பேஞ்சா குடையோட" என்றாள்.

விருந்தாளி என்று சொல்லி என்னை ஓட்டுநர் ஏற்றிக்கொண்டார். மேடவாக்கத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். மஸ்கட்டில் ஹாரன் அடித்தால் என்னவோ ஆகிவிட்டது என்று திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே அடிக்காவிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். முன்னிருக்கையில் ஒரு பெண் அந்த முக்கால் மணி நேரத்தில் வெண்டைக்காய் நறுக்கி, டப்பாவில் போட்டு, மூடி வைத்தாள்.

மதியம் வசுவும் நானும் அவள் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சின்னக் கடையில் சாம்பார் சாதமும் உருளை வறுவலும் சாப்பிட்டோம். கண்ணாடிக் கட்டடங்களின் நிழல் எங்கள் இலைவரை நீண்டிருந்தது.

"ரிங்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"முடிஞ்சுது. நாளைக்கு ரெடி."

"எத்தன பல்லு?"

"நீ அதப்பத்தியெல்லாம் கவலப்படாத. ஓட்டறத மட்டும் பாரு."

"சரவணனும் காலையில இதேதான் சொன்னாரு" என்றுவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினாள். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வறுவல் நன்றாக இருந்தது.

சனிக்கிழமை காலை மறுபடியும் திருமுடிவாக்கம். இம்முறை பேருந்தில். குன்றத்தூர் சாலையில் இரண்டு முறை இறங்கித் தவறான பேருந்தில் ஏறி, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். ஸ்டெல்லா அக்கா ஒரு மஞ்சள் துணியை விரித்து அதன்மேல் ரிங்கை வைத்திருந்தார். பளபளவென்று இருந்தது. ஒமானில்கூட அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

நான் எண்ணினேன். சரவணனும் எண்ணினார். ஒருவரையொருவர் பார்த்தோம். மறுபடி எண்ணினோம்.

"அக்கா, முப்பத்தொண்ணு இருக்கே?"

"ஆமா சார். ஆறு மணிக்கு நீங்க போன் பண்ணி முப்பதுன்னீங்க. அதுக்குக் கால் மணி மின்னாடியே இவுரு போன் பண்ணி முடிவாய்ட்ச்சி, முப்பத்திரண்டுன்னாரு. ரெண்டு பேரும் சொந்தக்காரங்க, நாளிக்கு மூஞ்சில முழிக்கணும். நடுவுல போட்டு வுட்டேன். எங்க தொழில்ல ஒத்தப்படைதான் சார் நல்லது. பல்லு சமமா தேயும்."

மாப்பிள்ளையும் மச்சானும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டது இப்படி ஒரு பட்டறையில் வெளியாகியிருக்க வேண்டாம். சரவணன் மாதா படத்தைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

அதைவிடப் பெரிய வம்பு ரிங்கிலேயே இருந்தது. தடித்தது, மெலிந்தது, தடித்தது, மெலிந்தது என்று சுற்றி வந்தால் இரட்டைப்படையில்தான் முடியும். முப்பத்தொன்றில் ஓரிடத்தில் இரண்டு தடித்த பற்கள் அடுத்தடுத்து நின்றன. குறுகலான கண்ணிக்குள் தடித்த பல் நுழையாது. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இடத்தில் செயின் ஏறிக் குதிக்கும்.

"அத்த நானும் பார்த்தேன்" என்றார் ஸ்டெல்லா அக்கா, முகம் சுருங்கி. "ஆரம்பமும் முடிவும் எங்கியாச்சும் சேரணும்தானேன்னு வுட்டுட்டேன். தப்பு என்துதான்."

தப்பு அவருடையது அல்ல. இரண்டு முழு ஆண்பிள்ளைகள் ஒரு காலியிடத்தை நிரப்பத் தெரியாமல் போனதுதான் தப்பு. இன்னொன்று வெட்ட வேறு தட்டு இல்லை. சனிக்கிழமை மதியத்தோடு தட்டு விற்கும் கடையும் மூடிவிடும். ஸ்டெல்லா அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு ரிங்கை மறுபடி எந்திரத்தில் மாட்டி, தடித்த பற்கள் அத்தனையையும் மெலிந்ததாகச் சீவினார். எல்லாப் பல்லும் ஒரே மாதிரி ஆகிவிட்டால் எந்தக் கண்ணியிலும் உட்காரும். ஆனால் பிடிப்பு குறையும், கல்லில் குதித்தால் கழலலாம். அதற்கு வெள்ளை நைலானில் ஒரு சின்னக் காவலன் செதுக்கிக் கொடுத்தார். சைக்கிள் சட்டத்தில் மாட்டினால் செயினை வெளியே போக விடாமல் தடுக்கும்.

"நல்லா டைட்டு வைங்க சார். லூசா வுட்டா வேல செய்யாது" என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். ஞாயிறு பூசை முடித்துவிட்டு நேரே பந்தயத்துக்கு வந்து பார்ப்பதாகவும் சொன்னார். அவருடைய பல்சக்கரங்கள் இதுவரை பிஸ்கட்டும் சோப்பும்தான் சுமந்திருக்கின்றனவாம். மனுஷி ஏறிப் போவதைப் பார்க்க வேண்டுமாம்.

வீட்டில் வசு முப்பத்தொன்றைக் கையில் வைத்து, நடந்ததை முழுக்கக் கேட்டாள். கோபப்படுவாள் என்று இருவரும் தயாராக நின்றோம். "உலகத்துல யாருகிட்டயும் இல்லாத ரிங்கு" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். அது பாராட்டா என்று சரவணன் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

ஞாயிறு. வண்டலூருக்கு அப்பால் ஏரிக்கரை, வேலிகாத்தான் புதர், அதன் முடிவில் கைவிட்ட குவாரி. பெண்கள் பதினொரு பேர். நீலகிரியிலிருந்து வந்த ஒரு பெண்ணைப் பார்த்ததும் வெல்லப்போவது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. குவாரி ஏற்றத்தின் அடியிலிருந்து நூறடியில் நடுவரின் மேசை. அங்கே ஒல்லியான ஒருவர் கழுத்தில் விசிலோடு பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். இருந்தாலும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

ஸ்டெல்லா அக்கா வெள்ளைப் புடவையில், குடையோடு, ஏற்றத்துக்கு நேர் எதிரே ஒரு பாறையில் இடம் பிடித்திருந்தார்.

முதல் சுற்று. வசு எட்டாவதாக வந்தாள். ஏற்றத்தின் அடியில், முகத்தைச் சுளித்துப் பின்னால் பெரிய தட்டுக்குக் கியர் மாற்றினாள். கடக் என்று சத்தம். செயின் கழன்று தொங்கியது. நைலான் காவலன் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. காலையில் நான் அதை இறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் சரவணன் என்னைப் போண்டா சாப்பிடக் கூப்பிட்டார். நான் போனேன். அவ்வளவுதான் நடந்தது.

வெளியாள் தொட்டால் தகுதிநீக்கம் என்பதால் நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். வசு செயினைப் பார்த்தாள், ஏற்றத்தைப் பார்த்தாள். பிறகு சட்டென்று இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். விதியில் அதற்குத் தடையில்லை. செங்குத்தான இடத்தில் அதைத் தோளில் போட்டுக்கொண்டாள். உச்சியில் விரலால் செயினைத் தூக்கி மாட்டி, ஏறி உட்கார்ந்து மறைந்தாள். ஏறி மிதித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அவளுக்குப் பின்னால் போய்விட்டதை அதற்கப்புறம்தான் கவனித்தேன்.

இரண்டாம் சுற்று. செயின் ஒழுங்காக இருந்தது. வசு ஏற்றத்தின் அடிக்கு வந்தாள். வந்தவள் மிதித்துக்கூடப் பார்க்காமல் இறங்கிவிட்டாள்.

"வசு! ஏறு! கியர் இருக்கு! முப்பத்தொண்ணு இருக்கு!" என்று சரவணன் கத்தினார். அவருடைய சைக்கிள் குழுவினர் நாலு பேர் பக்கத்தில் நின்று உச்சுக்கொட்டினார்கள். வசு யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டிரண்டு கல்லாகத் தாண்டி ஓடினாள். வளைந்து வளைந்து மிதித்துக்கொண்டிருந்த ஒரு பெண் காலை ஊன்றி நின்று, இவள் தாண்டிப் போவதை வாய் பிளந்து பார்த்தாள்.

மூன்றாம் சுற்று. ஏரிக்கரை சமதளத்தில் அவள் கால்கள் வீணாகச் சுற்றுவது தூரத்திலிருந்தே தெரிந்தது. மேட்டில் அவள் முந்தியவர்களெல்லாம் அங்கே அவளை மறுபடி பிடித்தார்கள். பின்னால் நீலகிரிப் பெண் நெருங்கிக்கொண்டிருந்தாள். விசில்காரர் ஒவ்வொருவராக இறக்கத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று பேர். மூன்றாவது பெண் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். வசு குவாரியிலிருந்து இறங்கி மேசையை நோக்கி வந்தாள். அவர் விசிலை உதட்டில் வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நான் என் வாழ்நாளில் யாரையும் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. அவர் விசிலை எடுத்துவிட்டு, போ என்று கையை வீசினார்.

சரவணன் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கடைசிச் சுற்றில் விசில் கிடையாது. இனி அவளை யாரும் நிறுத்த முடியாது.

அவள் நாலாவது முறை குவாரியில் தோளில் சைக்கிளோடு ஓடியபோது, மற்றவர்கள் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பழம் தின்றுகொண்டிருந்தார்கள். நாடாவைச் சுருட்ட ஆரம்பித்திருந்த ஒருவர், அவள் வருவதைப் பார்த்து மறுபடி விரித்துப் பிடித்தார். வசு தாண்டினாள். சைக்கிளைச் சரவணனிடம் கொடுத்துவிட்டு மண்ணில் அப்படியே உட்கார்ந்தாள். முழங்காலெல்லாம் புழுதி. சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஸ்டெல்லா அக்கா குடையை மடக்கிக்கொண்டு இறங்கி வந்தார். நாலு சுற்றும் அந்தப் பாறையை விட்டு அசையாமல் பார்த்திருக்கிறார்.

"ஏம்மா, நான் ஏர்றதுக்குப் பல்லு வெட்டினா, நீ அத்தத் தூக்கி தோள்ள போட்டுகினு ஓட்றியே!" என்றார். "மின்னாடியே ஒரு வார்த்த சொல்லக்கூடாது? நடுவுல நாலு ஓட்ட போட்டு வெயிட்டாச்சும் கொறச்சிருப்பேனே!"

வசு அவர் காலைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். "ஸாரிக்கா. யாராவது என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அது என்னையும் சரவணனையும் பார்த்துச் சொன்னதுதான். ஓடித்தான் ஏறப்போகிறாள் என்றால் பழைய முப்பத்திநாலே போதும். ஏரிக்கரையில் இன்னும் வேகமாகப் போயிருப்பாள். சரவணன் இதை மனதுக்குள் கணக்குப் போட்டு முடித்தது அவர் முகத்தில் தெரிந்தது. வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு புளியமரத்தில் முடிவுத்தாளை ஒட்டினார்கள். வசு கூட்டத்துக்குள் நுழைந்து, மேலிருந்து கீழே விரலை ஓட்டி, தன் பெயரில் நிறுத்தினாள். எதிரே மணி, நிமிடம், வினாடி எல்லாம் இருந்தன. அவற்றை உரக்கப் படித்தாள். பக்கத்தில் யாருடைய அப்பாவோ எட்டிப் பார்த்து, ஆறுதலாகத் தலையசைத்து, "கடைசியாம்மா?" என்றார்.

"ஆமா சார்" என்றாள் வசு, அவர் கையைப் பிடித்துக் குலுக்கி. "நான்தான் கடைசி!"